தலைக்கு வருமானம்

ஆபீஸில் அவளை எல்லாரும் கேள்வியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் ஊருக்கு ஒரு தொழிலோ ஒரு சாலையோ புதிதாக வந்தால், வீடு வீடாகப் போய் எதிரில் உட்கார்ந்து, அதனால் அந்த வீட்டில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது அவள் வேலை. கேள்வி கேட்பது பிறவிக் குணமும்கூட. ஒரு சோப்பு வாங்கப் போனாலும் கடைக்காரரை நாலு கேள்வி கேட்டு நோகடிக்காமல் திரும்ப மாட்டாள். ஆனால் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் அவளிடம் வாய் திறந்துவிடுவார். அவள் முகம் அப்படி. யாருக்கும் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரியும்.

இந்தத் தடவை அவள் போனது ஒரு மர ஊருக்கு. ஒரே ஒரு பெரிய தெரு. ஒரு முனையில் மரம் அறுக்கும் மில், மறுமுனையில் மலை. மலைச் சரிவு முழுக்கக் கம்பெனி நட்ட ஊசியிலை மரங்கள். எல்லாம் ஒரே வயசு, ஒரே உயரம், கயிறு பிடித்து நட்ட வரிசை. கீழே ஒரு புதர் கிடையாது, மேலே ஒரு பறவை கிடையாது. மத்தியானம் தாண்டியதுமே மலையின் நிழல் தெருவில் இறங்கிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே வீடுகளில் விளக்குப் போட்டுவிடுவார்கள். மரங்கள் முற்றி, வெட்டும் தொடங்கியிருந்தது. இந்தக் காடு ஊர்க்காரர்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனிக்கு ஆசை. அதற்குத்தான் கேள்வியக்காவின் ஆபீஸ்.

முதல் வீடு மில்லில் ரம்பம் தீட்டுகிறவருடையது. அவர் வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த மனைவி, தெரிந்தவர்களைப் பார்த்தால் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாள்.

"என்னங்க மேடம், எதையாவது வெச்சுட்டுப் போயிட்டீங்களா?"

"நானா? நான் இப்பதாங்க முதல் தடவையா வர்றேன்."

"விளையாடாதீங்க. போன வாரம் வந்து இதே நாற்காலியில உக்காந்து அத்தனையும் கேட்டீங்க. தண்ணி வேணும்னீங்க, குடுத்தேன். குடிக்கத்தான் இல்ல."

"வேற ஆபீஸ்காரங்களா இருக்கும்."

"அப்ப உங்க கூடப்பிறந்தவங்கதான். இதே கண்ணாடி, இதே பை." அவள் குனிந்து பையைப் பார்த்தாள். "வாரு அறுந்து பச்சை நூல்ல தெச்சிருக்கீங்களே, இது உட்பட."

கேள்வியக்காவின் கை தானாகப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பச்சைத் தையலை வண்டியில் வரும்போதுதான் அவசரமாகப் போட்டிருந்தாள்.

வழக்கமான இடத்தில் ஆரம்பித்தாள். "வீட்டுல எத்தனை பேருங்க?"

"நாலு பேர். நான், அவரு, ரெண்டு பொண்ணுங்க."

அப்போது பின்கதவு வழியாக ஒருவர் உள்ளே வந்தார். நல்ல ஆகிருதி, அகலமான தோள். கை நிறைய பிளந்த விறகு. அடுப்புப் பக்கத்தில் அதை அடுக்கினார். அந்தப் பெண் அவருக்கு வழி விட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வந்த வழியே போனார்.

"இவரு?" என்றாள் கேள்வியக்கா.

"எவரு?"

"இப்ப விறகு கொண்டுவந்து போட்டாரே."

அந்தப் பெண் அடுப்பைப் பார்த்தாள், விறகைப் பார்த்தாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! அவரோட அண்ணன். எங்ககூடத்தான் இருக்கார். அஞ்சுன்னு போட்டுக்கங்க மேடம். பாருங்க, புத்தி எங்க போய் மேயுதுன்னு." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கேள்விகள் எல்லாம் முடிந்தன. மில்லில் இப்போது வேலை அதிகம், சம்பளம் ஒழுங்காக வருகிறது, கூரை மாற்றியிருக்கிறார்கள், பெண்கள் படிக்கிறார்கள். நல்ல பதில்கள். கேள்வியக்கா எழுந்தபோது அந்தப் பெண் எழவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கடைசியா ஒண்ணு கேப்பீங்களே."

"என்னது?"

"ஒண்ணுமில்ல, விடுங்க," என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய் வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

அன்றும் அடுத்த நாளும் போன வீடுகளில் எல்லாம் இதே கதைதான். போன வாரம் வந்தீங்களே மேடம். இங்கதான் உக்காந்தீங்க. தண்ணியைத் தொடவே இல்லை. அதைவிட விசித்திரம், ஒவ்வொரு வீட்டிலும் தலையை எண்ணும்போது ஒன்று விட்டுப்போனது. லாரி ஓட்டுகிறவர் வீட்டில், ஒரு காலத்தில் மரம் இழுக்கும் டிராக்டர் ஓட்டிய மாமனாரை விட்டார்கள். ஆணி, கயிறு விற்கிற கடைக்காரர் வீட்டில், நடவு ஆட்களுக்குச் சமைத்துப் போட்ட அக்காவை விட்டார்கள். விட்டுப்போனவர் அந்த அறையிலேயேதான் இருந்தார். கேள்வியக்கா கையைக் காட்டியதும், அடடே என்று தலையில் தட்டிக்கொண்டு சேர்த்துச் சொன்னார்கள். மரம் நட்டபோதும் வெட்டி அடுக்கியபோதும் ஓடியாடி வேலை பார்த்தவர்கள் அவர்கள். இப்போது மலையில் ஒரே ஒரு இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். "சார், எனக்கு முன்னாடி யாரையாவது அனுப்பினீங்களா?"

"உன் ஒருத்திக்குச் சம்பளம் குடுக்கவே மூச்சு முட்டுதும்மா. இன்னொருத்தியை வேறயா?" என்று வைத்துவிட்டார்.

டிரைவர் நல்ல மனுஷன், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. "உங்களுக்கு முன்னாடி உங்க புகழ் வந்து சேந்திடுச்சு மேடம்," என்று கேலி செய்தார். சாயங்காலம் தங்கும் அறை வாசலில் அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்க, கேள்வியக்கா படியில் உட்கார்ந்து, எடுத்த விவரங்களை டேப்லெட்டில் சரிபார்த்தாள். ரம்பக்காரர் வீடு: நாலு பேர். சரி என்று அடுத்ததற்குப் போனாள்.

"அந்த முதல் வீட்டுல விறகு பொளந்துக்கிட்டிருந்தாரே," என்றார் டிரைவர், "என்னா கை மேடம் அது! ரெண்டு பலகை மாதிரி. ஒரே போடு, ரெண்டா விழுது."

"எந்த வீட்டுல?"

"ரம்பக்காரர் வீட்டுலதான். பின்பக்கம். உங்க கண் முன்னாடிதானே விறகோட உள்ள போனாரு?"

கேள்வியக்காவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ஞாபகம் வந்த விதம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. கிணற்றின் அடியிலிருந்து கனமான எதையோ இழுப்பது போல மெதுவாக வந்தது. அஞ்சு என்று தானே கேட்டு, தானே எழுதினாளே? எப்போது நாலாக மாறியது?

காலையில் நேராக ரம்பக்காரர் வீட்டுப் பின்பக்கம் போனாள். அண்ணன்காரர் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வணக்கம் என்றாள். அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"என்கிட்டயா பேசுறீங்க?"

"உங்ககிட்டதான்."

"ரெண்டு நாளா என்கிட்ட யாரும் பேசல. பொண்ணுங்ககூட இல்ல. கோவம் ஒண்ணும் இல்லீங்க. நான் குறுக்க நின்னா ஒதுங்கிப் போறாங்க. தட்டு மட்டும் வைக்க மறந்திடுறாங்க. நானே எடுத்துப் போட்டுக்கறேன்."

அவர் மரம் வெட்டியவர். இந்தக் காட்டை நட்டபோதும் இருந்தார், நெரிசல் கழிக்க முதல் வெட்டு வெட்டியபோதும் இருந்தார். இயந்திரத்தைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "நாங்க ஒரு கூட்டமே சேந்து ஒரு வாரம் வெட்டுறதை அது காலை டீக்கு முன்னாடி முடிச்சிடும். பிடிக்குது, அறுக்குது, கிளையைக் கழிக்குது, துண்டு போட்டு அடுக்குது. நல்ல சுத்தமான வேலை. அதனால தம்பிக்கும் ஒண்ணும் குறைச்சல் இல்ல. மில்லுக்கு மரம் நிறைய வருது, ரம்பம் நிறைய தேயுது. அவனுக்குச் சம்பளம் கூடிடுச்சு."

"போன வாரம் வந்தவங்க கடைசியா என்ன கேட்டாங்க?"

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே கேட்டீங்க."

"நான் இல்ல. சத்தியமா நான் இல்ல."

"எல்லாரும் இருந்தோம். சாப்பிட்டு முடிச்ச நேரம். மத்த கேள்வி மாதிரியேதான் கேட்டாங்க, ஒரு மாத்தமும் இல்லாம. 'இந்த வீட்டுல ஒருத்தர் இல்லாமப் போனா, யாரு இல்லாமப் போனா பரவாயில்ல?'"

மலையில் இயந்திரம் நின்றது. ஒரு மரம் சாய்கிற சத்தம் வந்தது. மறுபடி உறுமத் தொடங்கியது.

"யாரு பேரையாவது சொன்னாங்களா?"

"சேச்சே. எங்க வீட்டாளுங்க அப்படிப்பட்டவங்க இல்ல. யாரும் வாயே திறக்கல." அவர் தன் பெரிய கைகளை முழங்கால் மேல் மல்லாத்திவைத்துப் பார்த்தார். "ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல திரும்பி என்னைப் பாத்தாங்க. அவ்வளவுதான். பாவம், அவங்களுக்கே தெரியாம. நானும்தான். குனிஞ்சு என்னையே பாத்துக்கிட்டேன்."

கேள்வியக்காவால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்ப வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தாள். அடுத்து மரக்கிடங்குக் காவலாளியின் வீடு. காட்டை ஒட்டிய கடைசி வீடு. கதவு திறந்திருந்தது. படியில் கால் வைத்தபோது உள்ளே ஒரு பெண் பேசுவது கேட்டது. நிதானமான, பழகிய குரல். அதைத் தன்னுடைய குரல் என்று அவளுக்குச் சட்டென்று தெரியவில்லை. யாருக்கும் தன் குரலை வெளியிலிருந்து கேட்டுப் பழக்கம் இல்லை அல்லவா. கடைசி வார்த்தைதான் தெளிவாகக் காதில் விழுந்தது.

"...பரவாயில்ல?"

உள்ளே பாய்ந்தாள். காவலாளி, அவர் மனைவி, மகன், மகள், நாலு பேரும் ஒரு வெற்று நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் மேசை மேல் ஒரு டம்ளர் தண்ணீர், விளிம்பு வரைக்கும். யாரோ இப்போதுதான் மேசையை விட்டு எழுந்த மாதிரி அதில் இன்னும் சிறு அலை நின்றுகொண்டிருந்தது. மற்ற மூன்று பேருடைய தலையும் திரும்பத் தொடங்கியிருந்தது, மகள் பக்கமாக. நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்த பெண் அவள். இனி நடவு இல்லை என்று கம்பெனி பண்ணையை மூடிய பிறகு வீட்டில்தான் இருக்கிறாள். அவளும் மெல்லக் குனிய ஆரம்பித்திருந்தாள்.

கேள்வியக்கா ஓடிப்போய் அவர்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நின்றாள். "திரும்பாதீங்க! என்னைப் பாருங்க, என்னை மட்டும் பாருங்க. அந்தக் கேள்வியை நான் கேக்கல."

"நீங்க இங்கதானே..." காவலாளியின் மனைவி நாற்காலியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்துப்போயிற்று.

"அது வேற. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க பொண்ணு இல்லாட்டி இந்த வீட்டுல எதெது நடக்காது? ஆளுக்கு ஒண்ணு. சும்மா யோசிக்காம சொல்லுங்க."

காவலாளி திணறினார். "அது... வந்து... பின்கதவுத் தாழ்ப்பாள். இவ இழுத்தாத்தான் விழும். எங்க யாருக்கும் வராது."

"எனக்கு இருட்டுன்னா பயம்," என்றான் மகன். வளர்ந்த ஆள், மீசையெல்லாம் இருந்தது. "கிடங்குல ராத்திரி வேலை வந்தா, போன்ல பேசிக்கிட்டே இருப்பா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

அம்மாதான் கடைசி. அவள் இன்னும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எனக்குக் கோவம் வந்தா," என்றாள் அந்த அம்மா, தூக்கத்தில் பேசுவதுபோல, "எல்லாரும் ஓடிடுவாங்க. இவ ஒருத்திதான் எதிர்ல நின்னு திருப்பிக் கத்துவா. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சிடுவோம்." சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது. மகள் நிமிர்ந்தாள். "ஆமா, நீ கத்துனா நான் சும்மா இருப்பேனா?" என்றாள். அந்த அறைக்கு அப்போதுதான் வெளிச்சம் வந்தது போலிருந்தது.

கேள்வியக்கா கையருகே இருந்த அந்த வெற்று நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தாள். இருக்கை ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. மரப்பிசின் வாசனை அடித்தது.

இங்கே பலித்தது அங்கேயும் பலிக்கும் என்று நம்பித்தான் அவள் ரம்பக்காரர் வீட்டுக்கு ஓடினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்திருந்தார். புருவத்தில் மரத்தூள் ஒட்டிய, சாதுவான ஆள். சாப்பிட்ட கையோடு எழுந்து, உக்காருங்க மேடம் என்றார். அண்ணன்காரர் பின்கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கேள்வியக்காவுக்கு அவர் தெரிந்தார். ஆனால் கண்ணை இமைத்தால் மறுபடி தேட வேண்டியிருந்தது.

"உங்க அண்ணன் இல்லாட்டி இந்த வீட்டுல எது நடக்காது? சொல்லுங்க."

"அண்ணனா?" அவர் மனைவியைப் பார்த்தார். கேலி இல்லை, கோபம் இல்லை, நிஜமான குழப்பம். "எனக்கு அண்ணன் இல்லீங்களே மேடம். நான் ஒத்தப் பிள்ளை."

"உங்க மனைவியே சொன்னாங்களே. அஞ்சு பேருன்னு."

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். ஏதோ நுனி நாக்கு வரைக்கும் வந்தது போல வாயைத் திறந்தாள். கண் பின்கதவுப் பக்கம் போயிற்று, அண்ணன்காரரின் முகத்தின் மேலேயே நின்றது.

"காத்து வருது," என்றாள் அந்தப் பெண். எழுந்து போய், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

கேள்வியக்கா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது அவர் வேலியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார், மரங்களை நோக்கி. ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க?"

"அங்க நிக்கறது சுலபம்னு தோணுது," என்றார் அவர், வெகு சாதாரணமாக. "யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம். வரிசை கலையாம நிக்கணும், அவ்வளவுதான்."

அவள் அப்போதுதான் மரங்களுக்குள் சரியாகப் பார்த்தாள். உச்சி வெயிலிலும் உள்ளே மங்கல்தான். தண்டு, இடைவெளி, தண்டு, இடைவெளி. நாலாவது வரிசையில் ஓர் இடத்தில் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் தண்டு இல்லை. ஒரு கிழவர் கையைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். டிராக்டர் ஓட்டிய அந்த மாமனார். முகத்தில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. அவருக்குப் பின்னால், அதே இடைவெளி விட்டு, இன்னும் யாரோ. அதற்கும் பின்னால் இன்னும். கேள்வியக்கா அவர்களைக் கூப்பிட்டாள். கத்திக்கூடக் கூப்பிட்டாள். ஒருவரும் திரும்பவில்லை. உள்ளே ஓடத்தான் நினைத்தாள். ஆனால் பிடித்திருந்த கையை விட்டால் இந்த ஒருவரும் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வண்டியில ஏறுங்க," என்றாள். இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "போன்லயா பேசுறீங்க மேடம்?" என்றார். மூன்று நாள் அந்த ஊரில் இருந்ததில் அண்ணன்காரர் அவர் கண்ணுக்கும் தெரியாமல் போயிருந்தார். கேள்வியக்கா பின்சீட்டில் அண்ணன்காரரின் சட்டைக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டபடியே வந்தாள். முதல் மரம் வெட்டும்போது என்ன வயசு? எந்தப் பக்கம் சாயும்னு எப்படித் தெரியும்? தம்பியைத் தோள்ல தூக்கியிருக்கீங்களா? கல்யாணம் ஏன் பண்ணிக்கல? பாட்டு வருமா? பல்லு எப்படி உடைஞ்சுது? கேட்டுக்கொண்டே இருக்கும் வரை அவர் இருந்தார். மூச்சு வாங்க நிறுத்தினால் கையில் வெறும் துணி இருப்பது போல இருந்தது. அவரும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் ஒரு வார்த்தை, பிறகு இரண்டு. பாட்டு வராது என்றார். பல் உடைந்தது மரத்தால் இல்லை, தம்பி கல்யாணத்தில் ஆடி விழுந்ததில் என்றார்.

காடு முடிகிற வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். சாலையோரமாக ஒரு பெண் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தாள். தோளில் பை. அவசரமில்லாத நடை. எங்கேயோ பார்த்த முகம்.

"மேடம்," என்றார் டிரைவர், குரல் எழும்பாமல், "அது..."

"நிறுத்தாதீங்க. ஓட்டுங்க."

அவர்களைத் தாண்டும்போது அந்தப் பெண், தெரிந்தவர்களுக்குக் காட்டுவது போலக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஊரை நோக்கி நடந்தாள்.

காடு பின்னால் போய், வயல் வந்து, ஒரு டீக்கடை வந்தது. டிரைவரை நிறுத்தச் சொன்னாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, யாரையும் கேட்காமல் மூன்று டீ போட்டு வைத்தார். "பெரியவருக்குச் சர்க்கரை போடலாமா?" என்றார். டிரைவர் திரும்பிப் பார்த்து, டீயைக் கொட்டிக்கொண்டார். "இவரு எப்ப மேடம் ஏறினாரு?" அண்ணன்காரர் கடைக்காரரையே பார்த்துக்கொண்டு, "போடுங்க, நிறையப் போடுங்க," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கேள்வியக்கா நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் பொறுமையாகத்தான் படித்தார். "இதை எந்தக் கட்டத்துலம்மா போடுறது? அதான் நீ எல்லா வீட்டையும் முடிச்சு அனுப்பிட்டியே," என்றார். அவள் ஆபீஸுக்குத் திரும்புவதற்கு முன்பே அந்த ஊரின் முழு விவரமும் அவள் பெயரில் வந்து சேர்ந்திருந்தது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. வீட்டு வருமானம் கிட்டத்தட்ட பழையபடிதான். வீட்டுக்கு ஒரு தலை குறைந்திருந்தது. அதனால் தலைக்கு வருமானம் நன்றாக ஏறியிருந்தது. கம்பெனிக்கு ரொம்பத் திருப்தியாம். அது என் கணக்கு இல்லை என்று கேள்வியக்கா ஆன மட்டும் சண்டை போட்டாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தது.

அண்ணன்காரரைத் தன் சித்தப்பாவின் தச்சுப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். பட்டறையில் அவருக்கு மலை என்று பட்டப்பெயர் வைத்து, ஓயாமல் கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலில் அவர் தேறினார். ஆனால் தம்பி பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம் கேள்வியக்காவுக்கு ஒரு போன் வந்தது. ரம்பக்காரர் மனைவி.

"மேடம், ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல தினம் சாப்பாடு மிஞ்சுது."

"சரி."

"ஒரு ஆள் சாப்பாடு. குறைச்சு வைக்கணும்னுதான் நினைப்பேன். கை தானா அளந்து போட்டுடுது. அவரு திட்டறாரு. இந்தக் காவலாளி பொண்ணு வேற, வீடு வீடாப் போய் உங்க வீட்டுல யாரு இல்லாட்டி எது நடக்காதுன்னு கேட்டு உயிரை வாங்குது. சில வீட்டுல கதவே திறக்கறதில்ல. லாரிக்காரர் வீட்டம்மா போன வாரம் அழுதுக்கிட்டே காட்டுக்குள்ள ஓடி, டிராக்டர் ஓட்டின அவ அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டா. அவருக்கு இன்னும் பேச்சு வரல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க கணக்கெடுத்தவங்க. உங்களுக்குத் தெரியும்ல? எங்க வீட்டுல எத்தனை பேரு மேடம்?"

"அஞ்சு," என்றாள் கேள்வியக்கா.

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்ட சத்தம். "அவரு நல்லா உயரமா?"

"நல்ல உயரம்."

"எங்க கல்யாணத்துல ஆடி விழுந்தாரா?"

"பல்லு உடைஞ்சுது."

அந்தப் பெண் வெகு நேரம் அழுதாள். பேர் ஞாபகம் வரவில்லை, முகமும் வரவில்லை, வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை என்றாள். "ஆனா வரச் சொல்லுங்க மேடம். பஸ் நிக்கற இடத்துக்கு எங்க வீட்டுக்காரரை எப்படியாவது அனுப்பி வெக்கிறேன்."

அண்ணன்காரர் இரண்டு நாள் யோசித்தார். கேள்வியக்கா உடன் வருவதானால் போகிறேன் என்றார். பஸ் காட்டுக்குள் நுழைந்ததும் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். மலையில் பாதி மொட்டையாகியிருந்தது. மீதியில் வரிசைகள் அப்படியே இருந்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பஸ் நின்றது. கீழே ரம்பக்காரர் தனியாக நின்றிருந்தார், யாரை அழைக்க வந்திருக்கிறோம் என்று தெரியாதவரின் முகத்தோடு. இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தார். பெட்டி தூக்கிய பெண்ணைப் பார்த்தார். கேள்வியக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அவளுக்குப் பின்னால் இறங்கியவர் மேல் அவர் பார்வை பட்டது, வழுக்கிக்கொண்டு போயிற்று, பஸ்ஸின் காலிப் படியில் போய் நின்றது.

அண்ணன்காரர் கையில் பையோடு அங்கேயே நின்றார். கேள்வியக்கா வாயை மூடிக்கொண்டாள். இவர் யாரென்று கேட்கிற இந்த ஒரு கேள்வியை அவளால் கேட்க முடியாது.

பஸ் புறப்பட்டுப் போயிற்று. ரம்பக்காரர் வீட்டுக்குத் திரும்பப் போவது போல அரைவட்டம் திரும்பினார். நின்றார். கழுத்தைத் தடவிக்கொண்டார். மெதுவாக, காலியாகத் தெரிந்த அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, தூரத்தில் வருவது யார் என்று பார்க்கிறவர் போல. பிறகு கையை நீட்டினார்.

"பையைக் குடு," என்றார். "கனமா இருக்கும்."